பாடம் பார்க்க ஆள் வரும் நாள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். என் விரல்களுக்குப் பழக்கமானவை இரண்டுதான்: மண்வெட்டிப் பிடி, கைப்பேசியில் குரல் பதிகிற பொத்தான். பேனா பிடித்தால் கட்டைவிரல் சுளுக்கிக்கொள்கிற ரகம் நான்.

போன வாரம் லோகன் அண்ணன் கூப்பிட்டதுதான் வினை. நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பிறகு தோட்டக்காரராக வந்திருப்பவர். வயதில் என்னைவிட மூத்தவர், வேலையில் எனக்கு ஜூனியர். அதனால் அவரிடம் பேசும்போது மட்டும் ஓர் ஓய்வுபெற்ற அதிகாரியின் கனத்த குரலை வரவழைத்துக்கொள்வேன். நாளைக்கு ஒரு புது டீச்சரின் பாடத்தைப் பார்க்க ஆள் வருகிறார்களாம், அன்றைக்குத் தோட்டக்காரன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

"புல்லு வெட்டுற மெஷின மட்டும் தொட்டுறாதீங்க அண்ணே, சத்தம். மத்தத அவங்க பாத்துக்குவாங்க லா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதே கேள்விக்கு வேறு பதில் இருந்தது. அது எப்படி மாறியது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வழக்கம்போல் குரலில் பதிந்து, அப்படியே குணாவுக்கும் ஒன்று தட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். குணா என் சின்ன வயதுச் சிநேகிதன், அந்தப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன். எழுத்தில் எதை அனுப்பினாலும், வண்டி ஓட்டுகிறேன், வாய்ஸ் அனுப்பு என்று குரலில்தான் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குப்புறப் படுத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிற ஒரே ஓட்டுநர் பேராக் மாநிலத்தில் அவன்தான். அவனைச் சீண்டவே இந்தத் தடவை எழுத்தில் எழுதுகிறேன். பிழைகளை என் அக்காள் மகள் திருத்தித் தந்தாள். அவளையும் மீறி நிற்பவற்றுக்கு அவளே பொறுப்பு.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, நான் ஓய்வுபெற்றவன். பள்ளியின் தோட்டக் குத்தகை வேறு கம்பெனிக்குப் போனபோது என் வேலையும் போனது. ஆனால் பள்ளி என்னைச் சும்மா அனுப்பவில்லை. சபையில் நிறுத்தி, பொன்னாடை போர்த்தி, பிஸ்கட் டின்கள் அடுக்கிய ஹாம்பர் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பொன்னாடை விழுந்துவிட்டால் அது பணி ஓய்வுதான். இப்போது ஈப்போவுக்கு வெளியே ஒரு நர்சரியில் பூச்செடி விற்கிறேன். அது ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு.

பள்ளி, ஈப்போவிலிருந்து கோலா கங்சார் போகும் பழைய சாலையில், ஒரு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இருக்கிறது. ரப்பரை வெட்டி எண்ணெய்ப்பனை வைத்தார்கள், பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை உடைத்தார்கள், சனங்கள் டவுன் பக்கம் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். பள்ளி மட்டும் இடம் மாறவில்லை. அதனால் பிள்ளைகள் குணாவின் வேனில் தினமும் தோட்டத்துக்கு வருகிறார்கள்.

என் தொழிற்பயிற்சியும் அதே பள்ளியில்தான் நடந்தது, நான் மாணவனாக இருந்தபோது. இரண்டாம் வகுப்பில் தேவகி டீச்சரின் பாடத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். நான் வாசிக்கவில்லை, வேறொன்று செய்தேன். கால்சட்டை நனைந்தது, தரை நனைந்தது, பக்கத்தில் இருந்த குணாவின் சப்பாத்து நனைந்தது. அந்தச் சப்பாத்தைப் பற்றி அவன் இன்றைக்கும் பேசுகிறான். அப்போது தேவகி டீச்சர் புதிதாக வந்த சின்னப் பெண். என்னைத் திட்டவில்லை. தன் கைக்குட்டையால் தரையைத் துடைத்தார். அதற்குப் பிறகு அதிகாரி வருகிற நாளெல்லாம், என்னையும் குணாவையும் காலையிலேயே புல் பிடுங்க அனுப்பிவிடுவார். அது தண்டனை இல்லை. நாங்கள் கூசிப்போகக் கூடாது என்பதற்காகச் செய்தது. எங்களுக்கும் சொர்க்கமாகத்தான் இருந்தது. எந்தச் செடி களை, எது கீரை என்று அந்த நாள்களில்தான் கற்றுக்கொண்டேன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியபோது கையில் இருந்த ஒரே தொழில் அதுதான்.

காலம் சுற்றி வந்தது. தேவகி டீச்சர் பல பள்ளிகள் மாறி, துணைத் தலைமையாசிரியையாகத் திரும்பி வந்தார். நான் தோட்டக்காரனாக வந்தேன். அவர் அன்று எனக்காகச் செய்த காரியம் அதற்குள் பள்ளியின் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. எந்த வகுப்பில் யார் பாடம் பார்க்க வந்தாலும், வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் காலையிலேயே தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு சின்னக் கரண்டியைக் கொடுத்து வரிசையாக உட்கார வைப்பேன். நான் கங்காணி, அவர்கள் என் ஆள்கள். வகுப்பில் மிச்சமிருக்கும் கெட்டிக்காரர்கள், முந்தின நாள் நடத்திப் பார்த்த பாடத்தையே மறுபடி நடத்தக் கேட்டு, டாண் டாணென்று பதில் சொல்வார்கள். லோகன் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பழைய பதில் இதுதான்: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போக வேண்டும்.

தலைமையாசிரியர் பரமசிவம் சாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. காலைச் சபையை நான் பெரட்டு என்றுதான் சொல்வேன், தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கு எடுப்பார்களே, அந்தப் பெரட்டு. அது அவருக்கும் தெரியும். மைக்கில் பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "பாலா, பெரட்டு கலையலாமா?" என்று மெல்லக் கேட்பார். பாடம் பார்க்கப் போனால் பெரிய நாற்காலியில் உட்கார மாட்டார். கடைசி வரிசையில் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றை இழுத்து, முழங்கால் இரண்டும் காதைத் தொட உட்காருவார். பெரிய நாற்காலி போட்டால் டீச்சர் என்னைப் பார்த்தே பாடம் நடத்துவார், இப்படி உட்கார்ந்தால் என்னை மறந்துவிடுவார் என்பது அவர் கணக்கு. எழுந்திருக்கும்போது மட்டும் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். அதைப் பிடித்து இழுத்து விடுவதும் என் பணிகளில் ஒன்று.

அந்தப் பள்ளிக்குத்தான் யாழினி டீச்சர் வந்தார். பயிற்சிக் கல்லூரி முடித்த கையோடு முதல் வேலை. ஊர் ஜோகூரில் குளுவாங். வேலை கிடைத்தாலும் உடனே நிரந்தரம் இல்லை. சோதனைக் காலம் ஒன்று இருக்கிறது. அதில் பாடம் பார்ப்பார்கள், மூத்த டீச்சர் ஒருவர் வழிகாட்டுவார், கடைசியில் எல்லாம் சரியென்றால்தான் கன்ஃபர்ம் ஆகும். யாழினி டீச்சருக்கு வழிகாட்டி தேவகி டீச்சர். கன்ஃபர்ம் ஆனால்தான் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்பது என்று யாழினி டீச்சர் நாள் பார்த்துக்கொண்டிருந்தார். குளுவாங்கில் அவருடைய அம்மா சிறுநீரக நோயாளி. இரத்தம் சுத்திகரிக்கப் போக வர, யார் யாரையோ கெஞ்சி வண்டி பிடித்துக்கொண்டிருந்தார். இதை யாழினி டீச்சர் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. கார் வாங்கும் வரை குணாவின் வேனில் முன் இருக்கையில் வந்து போனார். வேனில் நடப்பது எல்லாம் எனக்கு வந்துவிடும். குணாவுக்கு எழுத்துதான் வராது, வாய் நன்றாக வரும்.

முதல் ஆண்டில் முதல் வகுப்பு அவருக்கு. முதல்முறை பரமசிவம் சார் பாடம் பார்க்க வந்த காலையில், தேவகி டீச்சர் வழக்கம்போல் நான்கு பிள்ளைகளை என்னிடம் அனுப்பி வைத்தார். யாழினி டீச்சருக்கு அந்த வழக்கம் தெரியாது, அவர்கள் வரவில்லை என்று நினைத்துவிட்டார். பாடம் பிரமாதமாக நடந்தது என்று பேச்சு. அது முடிந்ததும் நல்ல புடவையோடு கை கழுவக் குழாயடிக்கு வந்தவர், கீரைப் பாத்தியில் தன் பிள்ளைகளைப் பார்த்தார்.

அந்த நால்வரில் ஒருத்தி துர்கா. தோட்டத்தில் அவள்தான் எனக்கே கங்காணி. மண்புழுவுக்கெல்லாம் பெயர் வைப்பாள், வாய்க்கால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று எனக்கு உத்தரவு போடுவாள், வாய் ஓயாது. அதே பிள்ளை புத்தகத்தைத் திறந்தால் ஊமை. தனித்தனி எழுத்தெல்லாம் தெரியும், சேர்த்துச் சொல்லச் சொன்னால் உதட்டை உள்ளே மடித்துக்கொள்வாள். அன்றைக்கு டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்று, "டீச்சர், எங்க பாடம் எப்ப முடியும்?" என்று கேட்டாள். புல் பிடுங்குவதுதான் அவர்களுக்கான பாடம் என்று நினைத்திருக்கிறாள்.

யாழினி டீச்சர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து துர்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வேனில் அட்டைகள் முளைத்தன. ஒவ்வோர் இருக்கையின் முதுகிலும் ஓர் அட்டை, அட்டையில் ஒரு சொல். பள்ளிக்கு வந்ததும் இறங்குகிற பிள்ளை தன் முன்னால் இருக்கும் சொல்லை வாசித்துவிட்டு இறங்க வேண்டும். தெரியாவிட்டால் திட்டு இல்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் சொல்லித் தரக் கூடாது, டீச்சரும் சொல்லித் தர மாட்டார். எல்லோரும் காத்திருப்பார்கள். வாரம் மாறினால் சொல்லும் மாறும். துர்கா எப்போதும் கடைசியாக இறங்குவாள். முதல் நாள்களில் வேன் கதவு திறந்தபடி நிற்க, பெல் அடித்து, பெரட்டே தொடங்கிவிடும். குணா என்னிடம் வந்து புலம்புவான். டீச்சரிடமும் ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

"டீச்சர், டீசல் எரியுது லா."

"எரியட்டும் அண்ணே. அவ சொல்லுவா."

துர்கா சொல்லத்தான் செய்தாள், மெதுவாக. ஒருநாள் ஓட்டுகிற அண்ணனுக்கு மட்டும் ஏன் அட்டை இல்லை என்று அவளே புகார் செய்தாள். டீச்சர் சிரித்துக்கொண்டே ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலும் ஒன்று ஒட்டினார். வேனில் நடக்கும் எல்லாவற்றையும் எனக்கு ஒப்பிக்கிற குணா, அந்த அட்டையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. வாராவாரம் அதுவும் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டும் அதே பிள்ளைகளைக் கேட்டு வாங்கி, இரண்டாம் வகுப்பு டீச்சர் ஆனார். சோதனைக் காலம் முடிகிற கட்டம். இந்தத் தடவை சார் மட்டும் இல்லை, மேலே இருந்து ஓர் அதிகாரி அம்மாவும் பாடம் பார்க்க வருவதாக முடிவானது. அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் கன்ஃபர்ம். கன்ஃபர்மைப் பொறுத்துத்தான் அந்த ஆண்டு மாற்றல் கேட்பது. இது எனக்கு, குணாவுக்கு, கேண்டீன் அக்காவுக்கு எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலை தேவகி டீச்சர் அந்த நால்வரையும் தோட்டத்துக்குக் கூட்டிப் போகும்படி எனக்குச் சொல்லியனுப்பினார். நான் வகுப்பு வாசலுக்குப் போனேன். யாழினி டீச்சர் வெளியே வந்தார்.

"அண்ணே, இன்னைக்கு தோட்டத்துக்கு யாரும் வரமாட்டாங்க."

"டீச்சர், ஒரு பாடம்தான். முடிஞ்ச ஒடனே நானே கொண்டாந்து விட்டுர்றேன். ஒங்க கன்ஃபர்ம் லா."

"தெரியும்ணே. அவங்க என் பிள்ளைங்க."

தேவகி டீச்சரே வந்தார். இருவரும் தாழ்வாரத்தின் மூலையில் நின்று பேசினார்கள். தேவகி டீச்சருக்குக் கோபம் இல்லை, பயம்தான். அம்மாவை நினைத்துப் பார், இந்தப் பிள்ளை ஊமையாக நின்றால் உனக்குத்தான் கேடு, அதைவிட அவளுக்குக் கேடு, இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று சொன்னார். சொல்லும்போது ஒரு நொடி என் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். யாழினி டீச்சர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டார்.

மெஷின் ஓட்டக் கூடாத நாள் என்பதால், நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அந்த வகுப்பு ஜன்னலோரக் காகிதப்பூச் செடியைச் செதுக்கப் போனேன். அந்தச் செடிக்கு அன்று அவசியமே இல்லாமல் முடி வெட்டினேன். கொஞ்ச நேரத்தில் தேவகி டீச்சரும் பக்கத்தில் வந்து நின்றார்.

உள்ளே அதிகாரி அம்மா பெரிய நாற்காலியில், பரமசிவம் சார் குட்டி நாற்காலியில். பாடம் மழையைப் பற்றி. முதலில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் வாசித்தான், ஓடுகிற வேகத்தில். அப்புறம் யாழினி டீச்சர் துர்காவைக் கூப்பிட்டார்.

'மழை' என்றாள். 'வந்தது' என்றாள். அடுத்தது வாய்க்கால். உதடு உள்ளே மடிந்தது.

வகுப்பு காத்திருந்தது. அதிகாரி அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கெட்டிக்காரப் பையன் வாயெடுத்தான். டீச்சர் ஒரு விரலை மட்டும் தூக்கினார், அவன் அடங்கிவிட்டான். டீச்சர் துர்காவிடம் போகவில்லை, சொல்லைச் சொல்லவில்லை, முகத்தில் அவசரமும் இல்லை. பஸ் வரும் என்று தெரிந்தவர் நிறுத்தத்தில் நிற்பாரே, அப்படி நின்றார். எனக்குத்தான் தாங்கவில்லை. என் கால்சட்டையையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று நீ எனக்கு உத்தரவு போடுகிற வாய்க்கால்தானே பிள்ளை, சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் கத்தினேன்.

"வா... ய்... வாய்... க்கால்" என்றாள். பிறகு ஒரே மூச்சில், "வாய்க்கால்! டீச்சர், பாலா அண்ணே தோட்டத்துல வாய்க்கா தூந்து கெடக்கு, சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. துர்கா சிரிக்கவில்லை, அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். மிச்ச மூன்று பேரும் அதே வேகத்தில் ஆளுக்கு ஒரு வரி வாசித்தார்கள். பெல் அடித்தபோது பாடத்தில் பாதிகூட முடியவில்லை.

தேவகி டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"பாலா, அன்னைக்கு ஒன்ன வெளிய அனுப்பினேனே, ஒன்ன காப்பாத்துறதா நெனச்சேன்டா."

"காப்பாத்துனீங்கதான் டீச்சர். அதான் இந்த வேல கெடச்சது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பிறகு அலுவலக அறைக்கு மூன்று தேநீர் கொண்டு போனேன். கேண்டீன் அக்காவின் தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனேன் என்பதே சரி. அதிகாரி அம்மா கெட்டவர் இல்லை. டீச்சருக்குப் பொறுமை இருக்கிறது, பிள்ளைகள் பயப்படவில்லை, நல்லதுதான். ஆனால் திட்டமிட்ட பாடம் முடியவில்லை, இப்படியே சரி என்று எழுத முடியாது, இன்னொரு தடவை வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார். இன்னொரு தடவை என்றால் அந்த ஆண்டு மாற்றல் இல்லை. யாழினி டீச்சர் கைகளை மடியில் கோர்த்தபடி தலையசைத்தார். நான் தேநீரை ஊற்றாமலே நின்றேன்.

பரமசிவம் சார் தன் வழக்கமான மெல்லிய குரலில் பேசினார்.

"பாடம் முடியலன்னு எழுதுங்கம்மா, அது உண்ம. இந்த நாலு பிள்ளைங்களும் இதுக்கு முந்தி நான் பாடம் பாக்க வந்தப்ப வகுப்புலயே இல்ல. அதையும் எழுதுங்க. அது இவங்க பேர்ல வேணாம், என் பேர்ல எழுதுங்க."

அதிகாரி அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார், தேநீர் எங்கே என்பதுபோல்.

அன்று மாலை வேனில் யாழினி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாராம். குணா ரேடியோவை அணைத்து வைத்தானாம். இறங்கும்போது அவரே சொன்னாராம்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்ணே. எல்லாத்தையும் கேட்டுட்டு, அந்தப் புள்ள கடைசியில வாசிச்சாளான்னு கேட்டாங்க."

இதை என்னிடம் சொன்னபோது, எதற்கும் சிரிக்கிற குணா மூக்கைத் துடைத்துக்கொண்டான். சளி என்றான்.

அதற்கடுத்த வாரம் பரமசிவம் சார் எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டு, இனி யார் பாடம் பார்க்க வந்தாலும் ஒரு பிள்ளையும் வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். தன் வகுப்பில் குளறுபடி ஆகிவிடும் என்று தயங்கிய டீச்சர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசிச் சம்மதிக்க வைத்தவர், வேறு யாரும் இல்லை, தேவகி டீச்சர்தான். எனக்குத்தான் நஷ்டம். அன்றோடு என் தோட்டத்தில் ஆள் பஞ்சம். துர்கா இடைவேளையில் வந்து மேற்பார்வை பார்ப்பதோடு சரி. வாய்க்காலைத் தூர்வாரினேனா என்று கேட்டுவிட்டு, வாரியிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவாள்.

அதிகாரி அம்மா சொன்னபடி மறுபடி வந்தார். சொல்லாமல் வந்தார். அன்றும் வகுப்பு முழுசாக இருந்தது, அன்றும் பாடம் நிதானமாகத்தான் போனது. இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஒரு குட்டி நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். யாழினி டீச்சர் கன்ஃபர்ம் ஆனார். மாற்றல் தாமதமாகத்தான் கிடைத்தது. இப்போது குளுவாங் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறார். அம்மாவைச் சிகிச்சைக்கு அவரே காரில் கூட்டிப் போய் வருகிறார் என்று தேவகி டீச்சர் சொன்னார். மாற்றலாகிப் போகும்போது, வேனில் இருந்த அட்டைகளை எடுத்துவிடட்டுமா என்று யாழினி டீச்சர் கேட்டாராம். இருக்கட்டும் டீச்சர், இருக்கைக்கு அழகாக இருக்கிறது என்றானாம் குணா. கிழிந்த இருக்கை அது.

நான் பார்த்த வேலையில் பெருமை சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. புல் வளர்ந்தது, வெட்டினேன், மறுபடி வளர்ந்தது. ஆனால் தன் சொந்த வேலை ஊசலாடும்போது, ஒரு சின்னப் பிள்ளை ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும் வரை அவசரப்படாமல் நின்ற ஒருவரை, ஒரு காகிதப்பூச் செடியின் மறைவிலிருந்து பார்த்தேன். பொன்னாடையைவிட அது பெரிது.

ஆகவே லோகன் அண்ணே, திருத்திய பதில் இது: பாடம் பார்க்க ஆள் வரும் நாளில் மெஷினைத் தொடாதீர்கள். எந்தப் பிள்ளையாவது தோட்டத்துக்கு வந்தால் கரண்டி கொடுக்காமல், கையைப் பிடித்து வகுப்பில் கொண்டுபோய் விடுங்கள்.

எழுதி முடித்து அவருக்கு அனுப்பினேன். குணாவுக்கும் அனுப்பினேன், வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் சொல், வாய்ஸ் அனுப்புகிறேன் என்று ஒரு குத்தலும் சேர்த்து. பார்த்துவிட்டான் என்று காட்டியது. அப்புறம் நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு எழுதிக்கொண்டிருக்கிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. குறுக்கே எதுவும் அனுப்பாமல் காத்திருந்தேன். கடைசியில் வந்தது:

"வாய்ஸ் வேணாம் மச்சான், படிச்சிட்டேன்."